கொலைக்கதை படித்தால் கெட்டா போய்விடுவோம்?



"குடும்பப் பொம்பளைக்குக் கொலைக்கதை எதுக்கு?" இந்தக் கேள்வியைக் கேட்டிராத கதைப் பிரியை நம்மில் யாராவது உண்டா? சமையல் குறிப்பு படிக்கலாம், கோலப் புத்தகம் பார்க்கலாம், குடும்ப நாவல் படித்து மூக்கைச் சிந்தலாம். துப்பறியும் நாவலைக் கையில் எடுத்தால் மட்டும் வீட்டில் இருப்பவர்கள் முகம் மாறிவிடுகிறது. என்னைக் கேட்டால், அந்தக் கதைகளை முதலில் படிக்க வேண்டியவர்களே நாம்தான் என்பேன்.

எனக்குப் பிறந்த வீடு திண்டிவனம், வாழ்க்கைப்பட்டது விழுப்புரம். பஸ்ஸில் போய்வர ஒரு பாக்கெட் நாவல் சரியாக இருக்கும். ராஜேஷ்குமாரின் விவேக்-ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி எல்லோரும் அப்படித்தான் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆனார்கள். போன வருஷம் நூலகத்தில் சுஜாதாவின் 'நிர்வாண நகரம்' கிடைத்தது. நகரத்தையே பழிவாங்கக் கிளம்பும் ஓர் இளைஞன், அடுத்தடுத்துச் சாவுகள், போலீசுக்கு வரும் கடிதங்கள். இரண்டே மதியத்தில் முடித்துவிட்டேன். பிறகு கணேஷ்-வசந்த் கதைகளைத் தேடித்தேடிப் படித்தேன். 1968-ல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு'தான் கணேஷுக்கு முதல் கதை. 'ப்ரியா'வில்தான் வசந்த் வந்து சேர்கிறான். இத்தனை நாள் இவர்களைத் தெரியாமல் இருந்தோமே என்று இருந்தது.

தொடர்கொலைக் கதைகளை இப்படி வரிசையாகப் படித்ததில் ஒன்று உறுத்தியது. பொதுவாகவே இந்த மாதிரிக் கதைகளில் கொலைகாரனுக்குப் பக்கம் பக்கமாக இடம் உண்டு. அவன் சின்ன வயசுக் கஷ்டம், அவன் மூளை, அவன் திட்டம். செத்துப் போனவளோ பல கதைகளில் முதல் அத்தியாயத்திலேயே விழுந்து கிடப்பாள். அதற்கப்புறம் அவளைப் பற்றிப் பேச்சே இருக்காது. அவளுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். அவள் வருவாள் என்று யாரோ வாசலில் காத்திருந்திருப்பார்கள்.

கதையை விடுங்கள், நிஜத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? 1980-களின் பிற்பகுதியில் திருவான்மியூரை நடுங்க வைத்த ஆட்டோ சங்கரை எல்லோருக்கும் தெரியும். ஆறு கொலைகள். 1991-ல் செங்கல்பட்டு கோர்ட் தூக்குத் தண்டனை கொடுத்தது. 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கிலிட்டார்கள். அவன் சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிடலாமா கூடாதா என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1994-ல் அனுமதி கிடைத்தது. 2019-ல் அவன் கதை வெப் சீரிஸாகவே வந்துவிட்டது. ஆனால் செத்த ஆறு பேரில் ஒருவர் பெயராவது நமக்கு ஞாபகம் இருக்கிறதா?

இன்னொன்றும் சொல்கிறேன். 2006 டிசம்பரில் டெல்லி பக்கத்தில் நொய்டாவின் நிதாரி கிராமத்தில், ஒரு வீட்டை ஒட்டிய சாக்கடையில் குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. பிள்ளையைக் காணோம் என்று அந்த ஏழைத் தாய்மார்கள் அதற்கு முன்பே போலீசுக்கு நடையாய் நடந்தவர்கள்தான். காது கொடுத்துக் கேட்க ஆளில்லை. தண்டனை பெற்ற இருவரும் பின்னாளில் மேல் கோர்ட்டுகளில் விடுதலையாகிவிட்டார்கள். நாவல் என்றால் கடைசி அத்தியாயத்தில் கணேஷ் வந்து முடிச்சை அவிழ்த்துவிடுவார். அந்தத் தாய்மார்களுக்குக் கடைசி அத்தியாயமே கிடைக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், தொடர்கொலைக் கதையை நாம் படிக்கத்தான் வேண்டும். ஆனால் 'கொலைகாரன் யார்?' என்ற கேள்வியோடு, 'முதல் பெண் காணாமல் போனபோது தேடியது யார்?' என்றும் கேட்டுப் படிக்க வேண்டும். முதல் புகாரையே ஒழுங்காக எடுத்து விசாரித்தால் இரண்டாவது கொலையைத் தடுக்க வழி உண்டே!

அப்படிப் படித்தால் விவரமும் தானாகத் தேடி வரும். காணாமல் போன குழந்தை பற்றிய புகாரை உடனே வழக்காகப் பதிய வேண்டும் என்று 2013-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டப்படி, குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். திண்டிவனத்தில் நடந்ததற்கு விழுப்புரத்திலேயே எழுதிக் கொடுக்கலாம். "இது எங்க எல்லை இல்லம்மா, அங்கே போ" என்று திருப்பி அனுப்பக் கூடாது. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகவே தர வேண்டும். அவசரத்துக்குப் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

"இதையெல்லாம் படிச்சா ராத்திரி தூக்கம் வருமா?" என்பார்கள் சிலர். பக்கத்து வீட்டுப் பெண் ரெண்டு நாளாகக் கண்ணில் படவில்லை என்றால், "எங்கம்மா அவ?" என்று கதவைத் தட்டிக் கேட்கும் தைரியம் வருமானால், ஒரு ராத்திரித் தூக்கம் போனால்தான் என்ன? நான் சொல்வது சரிதானே தோழிகளே?

- ஒரு வாசகி, விழுப்புரம்.