பூட்டு கடைக்காரனுடையது, சாவி யாரிடம்?

எழுத்தை அடக்க எண்ணிய பழைய ஆட்சியாளன் அச்சகத்துக்கு முத்திரை வைத்தான். ஆசிரியனைச் சிறைக்கு அனுப்பினான். கொடுமைதான் அது. எனினும், அடக்குகிறவன் யார் என்பது ஊரறிந்த செய்தியாக இருந்தது. இன்றைய ஆட்சியாளனுக்கு அவ்வளவு தொல்லை வேண்டியதில்லை. கடைக்காரனிடம் ஒரு கேள்வி கேட்கிறான். கதவு தானே சாத்திக்கொள்கிறது!

கற்பனையன்று, தோழர்களே! 2010 நவம்பர் 28 அன்று, அமெரிக்கத் தூதரகங்களின் 2,50,000-க்கும் மேற்பட்ட மடல்களை விக்கிலீக்ஸ் இணையத்தில் வெளியிடத் தொடங்கிற்று. நியூயார்க் டைம்ஸ், கார்டியன் முதலிய ஏடுகளும் உடன் வெளியிட்டன. விக்கிலீக்சுக்கு இணையத்தில் இடம் வாடகைக்குத் தந்திருந்தது அமேசான். செனட்டர் ஜோ லீபர்மனின் அலுவலகம் அமேசானை விசாரித்தது. டிசம்பர் 1 அன்று இடம் பறிபோயிற்று. ஒரு வாரத்துக்குள் பேபால், மாஸ்டர்கார்டு, விசா மூன்றும் நன்கொடை செல்லும் வழியை அடைத்தன.

அரசு கேட்டதற்காக அல்ல, எமது விதிகள் மீறப்பட்டதற்காகவே வெளியேற்றினோம் என்றது அமேசான். நன்று! விதி உறங்கிக்கொண்டிருந்தது, செனட்டரின் ஆட்கள் கதவைத் தட்டியதும் விழித்துக்கொண்டதோ? அரசின் வெளியுறவுத் துறை விக்கிலீக்சுக்கு எழுதிய கடிதத்தைப் பேபால் காரணம் காட்டியதே, கடிதம் எப்போது தீர்ப்பாயிற்று?

அதே மடல்களை அச்சிட்ட நியூயார்க் டைம்சுக்குச் சந்தா கட்ட எந்த அட்டையும் மறுக்கப்படவில்லை. செய்தி ஒன்றே, வலியவனுக்கு ஒரு நீதி, எளியவனுக்கு ஒரு நீதியா?

1971-ஐ நினைவூட்டுகிறோம். வியட்நாம் போர் பற்றிய பென்டகன் ஆவணங்களை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டபோது, நிக்சன் அரசு நீதிமன்றப் படியேறித் தடை கேட்டது. இடைக்காலத் தடையும் பெற்றது. ஆனால் ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 6 பேர் ஒருபுறமும் 3 பேர் மறுபுறமுமாக நின்று, ஏட்டின் பக்கமே தீர்ப்பளித்தது. அன்று அரசு வாதாட வேண்டியிருந்தது; தோற்கவும் நேர்ந்தது. 2010இல் வாதமும் இல்லை, தோல்வியும் இல்லை. அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் தடுப்பது அரசின் கையைத்தான். கடைக்காரனின் கையை அல்ல. ஆகவே கடைக்காரனின் கையை அரசு இரவல் வாங்குகிறது!

"விக்கிலீக்ஸ் குற்றமற்றதோ?" என்று கேட்பர். 2011 செப்டம்பரில் பெயர்களை மறைக்காமலே மடல்கள் முழுவதையும் அது வெளியிட்டதை, முன்பு துணைநின்ற ஏடுகளே கண்டித்தன. நாமும் அதற்குப் பரிந்து பேச வரவில்லை. குற்றமெனில் கூண்டிலேற்றுக, சான்று காட்டுக, மறுமொழி கேட்டுத் தீர்ப்புக் கூறுக! ஜூலியன் அசாஞ்சே ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு வழக்கு முடிந்தது 2024இல். கடைகள் அடைத்ததோ 2010இல். தீர்ப்புக்குப் பதினான்கு ஆண்டு முன்னரே தண்டனை! எந்த நூலில் உள்ள நீதி இது?

வழக்கு மன்றத்தின் முன் வைத்தபோது நடந்ததென்ன? விசாவின் சார்பில் பணம் பெற்றுத் தந்த வாலிட்டர் நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்தது சட்டத்துக்குப் புறம்பு என்று, 2013 ஏப்ரலில் ஐஸ்லாந்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளிச்சத்தில் நிற்க இயலாத செயல் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இணையத்தில் எழுதுகிற எவனும் இன்று வாடகை மண்ணில் நிற்கிறான். இடம் ஒருவனுடையது; பணம் வரும் வழி மற்றொருவனுடையது. இந்த இருவரை அச்சுறுத்தினால் போதும், எழுதியவனைத் தொடவே வேண்டாம். இவ்வழியை இன்று ஓர் அரசு கண்டது. நாளை எந்த அரசும் காணும்.

ஆகவே நாம் கேட்பது சலுகையன்று. எழுத்தைத் தடுக்க எண்ணும் அரசு தன் பெயரில் ஆணையிடட்டும். அந்த ஆணை ஊரறிய வெளியாகட்டும். எழுதியவன் அதை எதிர்த்து வழக்காடட்டும். ஆணையில்லாமல் கதவடைக்கும் கடைக்காரனை, யார் கேட்டு அடைத்தாய் என்று மக்கள் கேட்கட்டும்.

பூட்டைக் கண்டு திகைக்க வேண்டாம், தோழர்களே! சாவி எவன் மடியில் இருக்கிறதென்று தேடுங்கள்!