பெரிய வீதிக்குக் கடன் வந்தது, லயத்துப் பாதைக்கு என்ன வந்தது?



செங்கலடிச் சந்தியில் திருகோணமலை வீதியை விட்டு மேற்கே திரும்பினால் ஏ5 நெடுஞ்சாலை. அங்குள்ளவர்களுக்கு அது "பதுளை வீதி". கரடியனாறு, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை, நுவரெலியா, இறம்பொடை, புசல்லாவை, கம்பளை என்று சுமார் 270 கிலோமீற்றர் ஓடிப் பேராதனையில் முடிகிறது. கீழே வயலும் வாவியும், மேலே தேயிலை. 1977 வன்செயலுக்குப் பின் கிழக்கில் குடியேறிய மலையகக் குடும்பங்களுக்கு இது உறவைப் பார்க்கப் போகும் வழி.

மலைநாட்டின் பாதைகள் யாருக்காக வந்தன? கோப்பியையும் பிறகு தேயிலையையும் இறக்குவதற்காக. ஆளை ஏற்றி இறக்குவது வெள்ளைக்காரத் துரைமாரின் கணக்கில் இருக்கவில்லை. 1848இல் வீதி வேலைக்கு ஆறு நாள் வா, இல்லாவிட்டால் 3 சிலிங் கட்டு என்று சட்டம் போட்டுத்தான் சனத்தின் முதுகில் பாதை ஏற்றினார்கள்.

அந்தக் கணக்கு இன்னும் மாறவில்லை. பதுளை – செங்கலடிப் பகுதியை அகலமாக்க சவூதி நிதியமும் ஒபெக் நிதியமும் கடன் கொடுத்தன. நல்லது, வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்தக் கடனை அடைப்பவர்களில் நாமும் இருக்கிறோம். ஆனால் பெரிய வீதியிலிருந்து லயத்துக்கு ஏறும் பாதை? மழை பெய்தால் ஓட்டோ வராது. பிள்ளைத்தாய்ச்சியைக் கம்பளியில் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

பெரிய வீதியும் கவனமில்லாவிட்டால் ஆளைக் கொல்லும். 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்து பத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். சரிந்து விழுந்த பாறை வீதியை ஒடுக்கிக்கொண்டு அங்கேயே கிடந்தது.

"தோட்டப் பாதை கம்பனிக்குச் சொந்தம், எங்களால் செலவழிக்க முடியாது" என்று பிரதேச சபையில் கைவிரிப்பார்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி முப்பது வருடம் சொன்ன பதில் அது. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. இனி அது சட்டமில்லை, சாட்டு.

ஆகவே ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தலைவியும் தங்கள் பாதையின் நீளம், உடைந்த மதகு, சரிவு எல்லாவற்றையும் எழுதிக் கையொப்பம் வாங்கி, வரவு செலவுத் திட்டத்துக்கு முன் பிரதேச சபையில் கொடுக்க வேண்டும். பதிலை எழுத்தில், தமிழில் கேளுங்கள். வாயால் சொன்ன வாக்குறுதியை மழை வரும்போது தேட முடியாது.

சந்தா கட்டும் கை கையொப்பமும் போடட்டும்!