வாங்காத தண்ணீர்



ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பிறந்தவர்களுக்குக் கிணற்றின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கித் தங்கிய மாரி மழையை நம்பியே அங்கு மனிதரும் மாடும் தோட்டமும் உயிர்வாழ்ந்து வந்திருக்கின்றன. ஆதலால், யோவான் சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம், அது தூர தேசத்து நிகழ்ச்சியாக அன்றி, எங்கள் ஊர்க் கிணற்றடியில் நிகழ்ந்ததாகவே எனக்குத் தோன்றும்.

கதை நீங்கள் அறிந்ததே. யூதேயாவிலிருந்து கலிலேயாவுக்குச் செல்லும் வழியில், சமாரியா நாட்டுச் சீகார் என்னும் ஊருக்கு அணித்தாக உள்ள யாக்கோபின் கிணற்றருகே இயேசுநாதர் களைப்புற்று அமர்ந்திருந்தார். வேளை நண்பகல். சீடர்கள் உணவு வாங்க ஊருக்குள் சென்றிருந்தனர். தண்ணீர் மொள்ள வந்த சமாரியப் பெண் ஒருத்தியிடம் அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவள் வியப்புற்றாள். யூதர் சமாரியரோடு சம்பந்தம் வைப்பதில்லை. அவ்விடத்தில் வரும் கிரேக்கச் சொல்லுக்கு, ஒரே பாத்திரத்தில் இரு சாராரும் புழங்குவதில்லை என்று பொருள் கொள்ளும் அறிஞரும் உளர். கிணறோ ஆழமானது, அவரிடம் மொள்ளப் பாத்திரமும் இல்லை. அவர் குடிப்பதாயின் அவளுடைய குடத்து நீரையே குடித்தல் வேண்டும்.

ஜீவ தண்ணீரைக் கொடுக்க வந்தவர், கொடுப்பதற்கு முன்னே கேட்டார். இந்த ஒன்றையே இவ்வாரம் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். இதனை நான் வேதபாட வகுப்பிற் கற்கவில்லை. ஒரு தவறு செய்த பின்னரே கற்றேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். எங்கள் வீட்டுக் கிணற்றில் நன்னீர். ஒழுங்கைக்கு அப்பால் குடியிருந்த ஏழைப் பெண்ணொருத்தி நாள்தோறும் குடத்துடன் வந்து வேலியோரம் காத்து நிற்பாள். அவள் கிணற்றுக் கட்டில் ஏறலாகாது என்பது அக்கால வழக்கம். வீட்டிலுள்ள யாரேனும் அள்ளி அவளுடைய குடத்தில் வார்ப்போம். பல நாட்களில் நானே வார்த்தேன். அது பெரிய தருமம் என்றும் எண்ணியிருந்தேன்.

ஒரு பங்குனி மாதத்து வெயிலில், ஞாயிறு பாடசாலை மாணவராகிய நாங்கள் துண்டுப் பிரசுரங்கள் கொடுக்க வீடு வீடாக அனுப்பப்பட்டோம். நான் அவளுடைய வீட்டுக்கும் சென்றேன். பிரசுரத்தைக் கொடுத்து, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். அவள் பொறுமையுடன் கேட்டாள். பின்னர் என் முகத்து வியர்வையைக் கண்டு உள்ளே போய், செம்பு ஒன்றை நன்றாகத் துலக்கித் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள்.

“குடியுங்கோ, தம்பி.”

என் நா வறண்டிருந்தது. ஆனாலும், “எனக்கு விடாயில்லை” என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அந்தத் தண்ணீரை முற்றத்து முருங்கையின் அடியில் ஊற்றிவிட்டுச் செம்பை உள்ளே கொண்டு போனாள். காலையில் எங்கள் கிணற்றில் நான் அள்ளி வார்த்த தண்ணீர்தான் அது!

அவ்வீட்டார் ஒருநாளும் எங்கள் தேவாலயத்துக்கு வரவில்லை. அவர்களுடைய இருதயம் கடினமானது என்று ஜெபக்கூட்டத்திற் பேசிக்கொண்டோம். கடினமான இருதயம் யாருடையது என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் சென்றன. அந்தப் பிரசுரத்தில் அச்சிட்டிருந்த சுவிசேஷத்தை, நான் வாங்காத ஒரு செம்புத் தண்ணீர் அழித்துவிட்டது.

பெறாமற் கொடுப்பது எளிது. கொடுப்பவனுடைய கை மேலேயும் பெறுபவனுடைய கை கீழேயும் இருக்கும். நாமோ மேலே இருக்க விரும்புகிறோம். ஆண்டவர் தம்முடைய எழுபது பேரை ஊர்களுக்கு அனுப்பியபோது, பணப்பையும் சாமான் பையும் கொண்டு போக வேண்டாம் என்றும், ஏற்றுக்கொள்ளும் வீட்டிலே தங்கி, வைப்பதை உண்ண வேண்டும் என்றும் கட்டளையிட்டதாக லூக்கா பத்தாம் அதிகாரத்தில் எழுதுகிறார். நற்செய்தி கூறப் போகிறவன் பிறருடைய பந்தியிற் கைநீட்டியே தீரவேண்டும் என்பது அதன் கருத்தன்றோ?

நம் நாட்டிலும் இதனை உணர்ந்து நடந்தவர் உண்டு. 1847ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் நோயாளருக்கு மருந்து கொடுத்ததோடு நிற்கவில்லை. கொடுக்க வந்த அவர் இம்மக்களிடம் தமிழைக் கேட்டுக் கற்றார். தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்கள் தமிழில் வெளிவரச் செய்தார். நம்மிடமிருந்து பெறக் கூச்சப்படாதவர் ஆதலால், அவர் கொடுத்ததும் நம்மிடையே நிலைத்தது.

சமாரியக் கதையில் இன்னொன்றையும் கவனியுங்கள். சீடர்களும் அதே ஊருக்குள்ளே தான் சென்றார்கள். அவர்கள் உணவோடு திரும்பினார்கள். ஒரு மனிதனையும் அழைத்து வரவில்லை. அந்தப் பெண்ணோ குடத்தையும் விட்டுவிட்டு ஓடி, ஊரையே அழைத்து வந்தாள். அவள் தர்க்கம் செய்யவில்லை. வந்து பாருங்கள் என்றே அழைத்தாள். தன்னை ஒருவர் தாழ்வாக எண்ணாமல் நாடினார் என்ற மகிழ்ச்சியே அவளுக்குப் பிரசங்கமாயிற்று.

சாதி காரணமாக ஒருவரை விலக்கி வைப்பதைக் குற்றமாக்கும் சட்டம் நம் நாட்டில் 1957ஆம் ஆண்டிலே வந்துவிட்டது. சட்டம் கிணற்றுக் கட்டைத் திறக்கலாம். நம் உள்ளத்தைத் திறப்பது விசுவாசத்தின் வேலை. எல்லா மனிதரையும் ஒரே பிதா படைத்தார் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறோம். அந்த விசுவாசம் திங்கட்கிழமை சமையலறைக்கு வருகிறதா? வீட்டு வேலைக்கு வருபவருக்கெனத் தனிக்கோப்பை ஒன்று நம் அலுமாரியில் இருக்கிறதா? அடுத்த வீட்டுச் சைவ அன்பரிடம் நம் நம்பிக்கையைச் சொல்ல விரைகிற நாம், அவர் தம்முடைய துயரையும் நம்பிக்கையையும் சொல்லும்போது அமர்ந்து கேட்டதுண்டா? மாணவர்களே, யாரும் அருகில் அமர விரும்பாத தோழனின் சாப்பாட்டுப் பொதியிலிருந்து ஒரு பிடி கேட்டு வாங்கி உண்டதுண்டா?

அந்தப் பெண் இப்போது உயிருடன் இல்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பை நான் இழந்துவிட்டேன். அவளைப் போன்ற ஒருவர் உங்கள் ஒழுங்கையில் இன்றும் இருக்கக்கூடும். இவ்வாரத்தில் ஒருநாள் அவருடைய வாசலுக்குச் செல்லுங்கள். பிரசுரம் ஒன்றும் வேண்டாம். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேளுங்கள்.