கடைமடை நீரும் கணிப்பொறி மாதிரியும்



பொறியியற் கல்லூரியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, நான்காண்டு முடிந்ததும் சபருக்கு அனுப்பிவிடலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கும் பெற்றோர் நம் காரைக்கால் வீடுகளில் ஏராளம். அதில் குறை கூற ஒன்றுமில்லை. சபுராளிகள் அனுப்பிய பணத்தில்தான் நம் ஊரின் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது, பள்ளிக்கூடங்களும் எழுந்தன. ஆயினும், அந்த நான்காண்டுக்குள் பிள்ளைகளின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஆராய்ச்சி வாய்ப்புகளைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே எழுவதில்லை. இம்மாதம் அவற்றுள் ஒரு துறையை எடுத்துக்கொள்வோம். கட்டுப்பாட்டு அமைப்புகளுக்குக் கணிப்பொறியில் மாதிரி அமைத்துச் சோதித்துப் பார்க்கும் துறை அது. கலைப் பட்டதாரியாகிய நான் விளங்கிக்கொண்ட அளவில், எளிய சொற்களில் கூறுகிறேன்.

நம் வீட்டு மாடித் தொட்டியில் மிதக்கும் பந்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நீர் உயர்ந்தால் பந்தும் உயர்ந்து குழாயை அடைக்கிறது. நீர் தாழ்ந்தால் திறக்கிறது. விளைவைப் பார்த்துச் செயலைத் திருத்திக்கொள்ளும் இந்த ஏற்பாட்டைப் ‘பின்னூட்டம்’ என்பர். கட்டுப்பாட்டியல் முழுவதும் இந்த அடித்தளத்தின் மீதே நிற்கிறது. நம் முன்னோருக்கு இது புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் மூவரும் தம் ‘கிதாபுல் ஹியல்’ என்னும் நூலில், மிதவையால் தாமே திறந்து மூடும் கருவிகள் பலவற்றை விவரித்துள்ளனர். 1206இல் தம் நூலை முடித்த அல்ஜஸரீ, நீர்க் கடிகாரங்களில் இந்த நுட்பத்தை மேலும் வளர்த்தார். 1868இல் மாக்ஸ்வெல் என்ற அறிஞர், நீராவி எந்திரத்தின் வேகத்தைச் சீராக்கும் கருவியைக் கணிதத்தால் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். இத்துறையின் கணிதத்திற்கு அதுவே தொடக்கமாகக் கருதப்படுகிறது.

முன்னோர் பெருமையைப் பேசுவதோடு நின்றுவிட்டால் பயனில்லை. அவர்கள் தம் காலத்து நீரைப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். நம் பிள்ளைகளும் நம் ஊர் நீரைப் பார்த்துக் கேட்கலாம்.

காரைக்கால் காவிரியின் கடைமடை. அரசலாறும் திருமலைராஜனாறும் அவற்றின் கிளைகளும் கொண்டுவரும் நீரை நம்பியே இங்கு நெல் விளைகிறது. 2007ஆம் ஆண்டின் காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பு, புதுவை ஒன்றியப் பகுதிக்கு 7 டி.எம்.சி. நீரை ஒதுக்கியது, 2018இல் உச்ச நீதிமன்றம் அந்த அளவை மாற்றவில்லை. ஆனால் தாளில் உள்ள நீர் வயலுக்கு வரவேண்டுமே! மேட்டூரில் திறந்த நீர், கல்லணையையும் எத்தனையோ மதகுகளையும் கடந்து கடைமடையை எட்டப் பல நாட்களாகின்றன.

இந்தத் தாமதத்தில்தான் சிக்கல் இருக்கிறது. கீழே நீர் வரவில்லை என்று மேல் மதகை இன்னும் சற்றுத் திறக்கிறார் லஸ்கர். முன்பு திறந்த நீர் அப்போதுதான் வழியில் வந்துகொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்து வரும்போது வாய்க்கால் வழிகிறது. உடனே மதகை இறக்குகிறார். சில நாட்களில் வயல் காய்கிறது. பஞ்சமும் வெள்ளமுமாக இப்படி ஊசலாடுவதற்கு யாருடைய தீய எண்ணமும் காரணமாக இருக்கவேண்டியதில்லை. தாமதமாக வரும் விளைவைப் பார்த்து அவசரமாகத் திருத்தினால் எந்த அமைப்பும் ஊசலாடவே செய்யும் என்பது கட்டுப்பாட்டியலின் முதற்பாடங்களுள் ஒன்று.

இதையே ஒரு மாணவர் கணிப்பொறியில் அமைத்துப் பார்க்கலாம். வாய்க்காலின் ஒரு பகுதிக்கு மணிக்கு 100 கன மீட்டர் நீர் வந்து 80 கன மீட்டர் வெளியேறினால், 20 கன மீட்டர் அங்கே தேங்கும். வரவு, செலவு, இருப்பு என்ற இந்த வீட்டுக் கணக்கோடு நீர் வந்துசேரும் தாமதத்தையும் எழுதிவிட்டால், அதுவே ஒரு மாதிரி. மதகை எவ்வளவு, எப்போது திறந்தால் ஊசலாட்டம் அடங்கும் என்று அதில் ஆயிரம் முறை சோதிக்கலாம். தவறினால் கெடுவது கணிப்பொறித் திரையில் ஒரு கோடு மட்டுமே. ஒருவர் வயலும் வாடாது.

இது வெறுங்கற்பனையன்று. ஆஸ்திரேலியாவில் 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், மெல்போர்ன் பல்கலைக்கழகத்தார் ரூபிகான் என்ற நிறுவனத்துடன் இணைந்து, வாய்க்கால்களின் நீர்மட்ட அளவீடுகளைக் கொண்டு இத்தகைய மாதிரிகளை அமைத்தனர். அவற்றின் அடிப்படையில் மதகுகள் தாமே திறந்து மூடும் முறையை உருவாக்கினர். ஆராய்ச்சி மாணவர்களும் அப்பணியில் பங்குகொண்டார்கள்.

“இதற்கெல்லாம் பெரிய செலவாகுமே, வெளியூர் போகவேண்டுமே” என்று உம்மாமார்கள் கவலைப்படக்கூடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மாதிரி அமைப்பதற்கான மாட்லாப் மென்பொருள் விலைமிக்கது. ஆனால் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் உருவான ஸ்கைலேப் இலவசமாகவே கிடைக்கிறது. அதிலுள்ள எக்ஸ்காஸ் என்ற பகுதியில் கட்டங்களை வரைந்து இணைத்தே மாதிரி அமைக்கலாம். மும்பை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னின்று நடத்திய ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டத்தில் ஸ்கைலேப் பாடங்கள் தமிழிலும் ஒலிப்பதிவாகியுள்ளன. அங்கேயே ‘ஃபாஸீ’ என்னும் திட்டம் மாணவர்களுக்குக் கோடைப் பயிற்சி நல்கி வந்திருக்கிறது. பாடநூல்களில் உள்ள கணக்குகளை ஸ்கைலேப் நிரல்களாக எழுதித் தருவோருக்கு மதிப்பூதியமும் அளித்துள்ளது. வீட்டிலிருந்தே செய்யத்தக்க பணி அது. மும்பையில் வைக்கப்பட்ட சிறு வெப்பக் கருவியை இணையவழியே தொலைவிலிருந்து இயக்கிச் சோதனை செய்யவும் மாணவர்களுக்கு வழி செய்தார்கள்.

வெளியூர் செல்ல இயன்றவர்களுக்கு, இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து வழங்கும் கோடை ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கிறது. இரண்டு மாதம் ஓர் ஆய்வறிஞரின் கீழ் பணியாற்றலாம். சென்னை ஐ.ஐ.டி.யும் தனியே கோடைத் திட்டம் நடத்துகிறது. அறிவியல் கழகங்களின் திட்டத்திற்குக் கோடை வருவதற்குப் பல மாதங்கள் முன்பே, வழக்கமாக ஆண்டின் கடைசி மாதங்களில் விண்ணப்பிக்கவேண்டும். தேர்வு முடிந்தபின் தேடினால் கதவு மூடியிருக்கும்.

உள்ளூரிலோ, 2010இல் திருச்சி வளாகத்தில் வகுப்புகளைத் தொடங்கிப் பின்னர் காரைக்காலுக்கு வந்த புதுச்சேரி என்.ஐ.டி., திருவேட்டக்குடியில் நம் கண்ணெதிரே நிற்கிறது. மின்னியல், மின்னணுவியல், இயந்திரவியல் துறைகள் அங்குண்டு. வேறு கல்லூரியில் பயிலும் பிள்ளையும், தன் ஆசிரியரின் அனுமதிக் கடிதத்தோடு அங்குள்ள பேராசிரியருக்குப் பணிவாக ஒரு மடல் எழுதிக் கேட்கலாம். வெறுமனே “வாய்ப்புத் தாருங்கள்” என்று எழுதாமல், தான் ஆராய விரும்பும் கேள்வியை ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதவேண்டும். பொருளுக்கும் பஞ்சமில்லை. திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் வாயு மின்நிலையம் இருக்கிறது. மின்தேவை கூடும்போதும் குறையும்போதும் அத்தகைய நிலையத்தின் சுழலி எவ்வாறு வேகம் மாறாமல் நிற்கிறது என்பதும் மாதிரி அமைத்துப் பார்க்கத்தக்கதே.

இனி, கசப்பான ஒன்றையும் கூறவேண்டியிருக்கிறது. இறுதியாண்டு மாணவர் தாமே செய்யவேண்டிய திட்டப்பணியை ஆயத்தமாகச் செய்து விற்கும் கடைகள் நகரங்களில் நடக்கின்றன. “எல்லோரும் வாங்குகிறார்கள்” என்று பிள்ளை கேட்க, வெளிநாட்டில் வியர்வை சிந்தும் வாப்பா பணம் அனுப்புகிறார். பிறர் உழைப்பைத் தன் பெயரால் சமர்ப்பிப்பது பொய்ச்சாட்சியின் ஒரு வகை என்பதை மார்க்கம் அறிந்த நம் வீடுகளுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. உலக நட்டமும் அதில் உண்டு. நேர்முகத் தேர்வில் “இந்த எண்ணை ஏன் இங்கே வைத்தாய்?” என்ற ஒரு கேள்விக்கு, விலைக்கு வாங்கியவன் விழிப்பான், தானே செய்தவனோ, தன் மாதிரி முதலில் எங்கே தவறியது, அதை எப்படித் திருத்தினான் என்பதைச் சொல்லத் தொடங்குவான். ஜித்தாவிலோ துபாயிலோ வேலை தருபவரும் அந்த விடையைத்தான் எதிர்பார்க்கிறார்.

ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான். மூன்றாமாண்டுக் கோடையின் இரண்டு மாதங்களைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுங்கள். திருமண வேலை, கடை வேலை என்று அந்நாட்களைப் பிடுங்காதீர்கள். பெண்பிள்ளையாயின், வீட்டில் ஒரு கணிப்பொறியும் குறுக்கீடில்லாத சில மணிநேரமும் தந்தாலே தொடங்கிவிடலாம். வெளியூர் ஆய்வகத்தில் அவளுக்கு இடம் கிடைத்தால், தங்குமிடத்தை நேரில் பார்த்து மனநிறைவு கொண்டு, உடன் சென்று விட்டு வாருங்கள்.

மாணவச் செல்வங்களே! இவ்வாண்டு மேட்டூர் நீர் வரும்போது அரசலாற்றங்கரைக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு செல்லுங்கள். நாள்தோறும் ஒரே இடத்தில் நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். முப்பது நாள் அளவுகள் கையில் இருந்தால், மாதிரி அமைக்க உங்களிடம் சொந்தச் சரக்கு இருக்கிறது என்று பொருள். இன்ஷா அல்லாஹ், அந்த நோட்டுடன் எந்த ஆசிரியரிடமும் தயங்காமல் செல்லலாம்.