மயாமி அரிசி

அமெரிக்க அதிபர்கள் பதவி முடிந்ததும் புத்தகம் எழுதுவார்கள், தங்கள் பெயரில் நூலகம் கட்டுவார்கள், மேடைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பேசுவார்கள். தாங்கள் செய்த காரியத்தால் இன்னொரு நாட்டின் விவசாயம் படுத்துவிட்டது என்று மட்டும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். பில் கிளிண்டன் சொன்னார். 2010 மார்ச் 10 அன்று, செனட் சபையின் வெளியுறவுக் குழு முன்பு. ஹெய்ட்டியின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸ் பூகம்பத்தில் சரிந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அரிசிக்கான இறக்குமதி வரியைக் குறைக்கச் சொல்லி ஹெய்ட்டியை நெருக்கியது தவறு என்றார். ஆர்க்கன்சாவில் இருக்கும் தன் ஊர் விவசாயிகள் சிலருக்கு அதனால் லாபம் வந்திருக்கலாம், ஹெய்ட்டிக்கு ஒன்றும் வரவில்லை, சொந்த மக்களுக்குச் சோறு போடும் திறனை அந்த நாடு இழந்ததற்கு வேறு யாரையும் கைகாட்ட முடியாது, தானே பொறுப்பு என்ற பொருளில் பேசினார்.

படித்தபோது முதலில் மரியாதைதான் வந்தது. கொஞ்ச நேரத்தில் எரிச்சலும் வந்தது. மன்னிப்பு கேட்டவர் அப்போது ஹெய்ட்டிக்கான ஐ.நா. சிறப்புத் தூதர். மறுசீரமைப்புக்கு யார் எவ்வளவு தருவது என்று பேசும் மேசையில் அவருக்கு முதல் வரிசை நாற்காலி. வரியோ இருந்த இடத்திலேயே இருந்தது.

ஹெய்ட்டிக்காரர்களும் நம்மைப் போலச் சோற்றுக்காரர்கள். பீன்ஸ் போட்டுச் சமைத்த சோறு அங்கே அன்றாடச் சாப்பாடு. சந்தையில் அரிசியை எடை போட்டு விற்பதைவிட அளந்து விற்பதே வழக்கம். 'மமித்' என்று ஒரு தகர டப்பா, அதுதான் அவர்களுடைய படி. கிராமத்தில் மூட்டையை வாங்கி, லாரியின் மேலே ஏற்றி, தானும் அதன்மேல் உட்கார்ந்து நகரத்துக்கு வந்து விற்கும் பெண் வியாபாரிகளுக்கு 'மதான் சாரா' என்று பெயர். வங்கி எட்டிப் பார்க்காத ஊர்களில் விவசாயிக்குக் கைமாற்றுக் கொடுப்பதும் பல நேரம் இவர்கள்தான். நெல் விளைவது பெரும்பாலும் ஆர்த்திபோனித் ஆற்றுப் பள்ளத்தாக்கில். 1980களின் தொடக்கம் வரை நாட்டுக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதி அங்கிருந்தே வந்தது. இன்றைக்கு ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வெளியிலிருந்து வருகிறது, பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து. சந்தையில் அதற்கு 'மயாமி அரிசி' என்று பெயர். விளைவது ஆர்க்கன்சாவில், லூசியானாவில். கப்பல் மயாமியிலிருந்து வந்ததால் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

இது ஒரே நாளில் நடந்ததல்ல. 1986 பிப்ரவரியில் சர்வாதிகாரி ஜான்-க்ளோத் துவாலியே நாட்டை விட்டு ஓடினார். அடுத்து வந்த ராணுவ அரசு, சர்வதேச நிதியமும் உலக வங்கியும் சொன்னபடி சந்தையைத் திறந்தது. சட்டப்படி வந்ததும் கள்ளத்தனமாக வந்ததுமாக வெளிநாட்டு அரிசி குவிந்தது. பள்ளத்தாக்கு விவசாயிகள் சாலையை மறித்து, அரிசி லாரிகளை நிறுத்திப் பார்த்தார்கள். பிறகு, தேர்தலில் ஜெயித்து அதிபரான அரிஸ்டீடை 1991இல் ராணுவம் விரட்டியது. 1994 அக்டோபரில் அமெரிக்கப் படையின் துணையோடுதான் அவர் நாடு திரும்ப முடிந்தது. கூடவே பொருளாதாரச் சீர்திருத்த நிபந்தனைகளும் வந்தன. மறு வருடம் அரிசிக்கான வரி 3 சதவீதத்துக்கு இறங்கியது. ஜனநாயகத்துக்குக் கட்டிய கட்டணம் அது என்று சொன்னால் மிகை என்பார்கள். எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் அதே தீவில் இருக்கும் டொமினிக்கன் குடியரசு, இறக்குமதி அரிசிக்கு 99 சதவீதம் வரி வைத்திருந்தது. தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியை அது இன்றும் தானே விளைவிக்கிறது.

போட்டி என்றால் போட்டிதானே, மலிவாக விளைவிப்பவன் ஜெயிக்கட்டுமே என்று கேட்கலாம். ஆர்க்கன்சாவில் நெல் போடுபவருக்கு லேசர் கருவி வைத்துச் சமன் செய்த வயல் இருக்கிறது. விமானத்திலிருந்துகூட விதைக்கிறார்கள். விலை விழுந்தால் அரசு ஈடு கட்டும், மழை கெடுத்தால் காப்பீடு கொடுக்கும், காப்பீட்டுப் பிரீமியத்திலும் அரசுக்குப் பங்கு உண்டு. ஆர்த்திபோனித் விவசாயிக்குப் பெரும்பாலும் ஒரு ஹெக்டேருக்கும் குறைந்த துண்டு நிலம், கையில் மண்வெட்டி, தூர்ந்துபோன வாய்க்கால். அவருக்கு மானியம் கொடுக்க அவருடைய அரசிடம் பணம் இல்லை. இருந்தாலும் கொடுக்கக் கூடாது என்பதே கடன் கொடுத்தவர்களின் பாடம். இதைச் சுதந்திர வர்த்தகம் என்று எழுதும் பொருளாதாரப் பத்திரிகைகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

ஆனால் எல்லாப் பழியையும் வரியின் தலையில் போட்டால் அது பொய்யாகிவிடும். காடு அழிந்த மலைச்சரிவுகளிலிருந்து அடித்துக்கொண்டு வரும் மண் ஆர்த்திபோனித் ஆற்றின் பெலிக்ர் அணையில் படிந்துகொண்டே இருக்கிறது. வாய்க்கால் தூர்வாரும் பணத்தைத் தின்றவர்கள் உள்ளூர்க்காரர்கள். இன்னும் பின்னால் போனால், அடிமைகள் போராடி 1804இல் வாங்கிய விடுதலைக்கு 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்தி 15 கோடி ஃபிராங்க் நஷ்டஈடு கேட்டது. பிற்பாடு தொகையைக் குறைத்தார்கள் என்றாலும், அதைக் கட்ட வாங்கிய கடன்களை அடைத்து முடிக்க 1947 ஆயிற்று. பள்ளிக்கூடமும் பாசனமும் கட்ட வேண்டிய காலம் முழுக்க வட்டியில் போன நாடு அது.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். மயாமி அரிசி மலிவு. தலைநகரின் தகரக் கொட்டகைகளில் குடியிருந்தவர்களுக்கு அது உண்மையிலேயே வயிற்றை நிரப்பியது. நகரத்து ஏழைக்கு விலை குறைந்தது நல்லதா, கிராமத்து ஏழைக்குப் பிழைப்பு போனது கெட்டதா என்று தராசில் வைத்துப் பார்த்த பொருளாதார அறிஞர்களும் உண்டு. தராசு சரிதான். ஆனால் பிழைப்பு போன கிராமத்தான்தான் மூட்டை முடிச்சோடு வந்து அந்தக் கொட்டகையில் குடியேறினான். இரண்டு தட்டிலும் உட்கார்ந்திருப்பது ஒரே ஆள்.

மலிவு என்பதும் நிலையில்லை. 2007 கடைசியில் இந்தியா பாஸ்மதி அல்லாத அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. வியட்நாமும் கைவைத்தது. சில மாதங்களில் உலகச் சந்தையில் தாய்லாந்து அரிசி டன் ஆயிரம் டாலரைத் தொட்டது. சொந்த வயலைக் கைவிட்டிருந்த ஹெய்ட்டியில் 2008 ஏப்ரலில் கலவரம் வெடித்தது. பிரதமர் ழாக்-எதுவார் அலெக்சியின் பதவியை அந்த நாட்டு செனட் பறித்தது. விலை ஏறும்போது அனுசரித்துக்கொள்ள வயலும் இல்லை, வாய்க்காலும் இல்லை. ஒரு தலைமுறை நெல் போடுவதை விட்டுவிட்டால், அடுத்த பட்டத்தில் விலை நன்றாக இருக்கிறது என்பதற்காகத் திரும்ப வந்து நாற்று விட முடியாது.

வியாபாரம்தான் இப்படி, உதவியாவது காப்பாற்றுமா என்றால் அங்கேதான் கதை இன்னும் சிக்கல். 1970களின் கடைசியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியது. நோய் அமெரிக்கப் பண்ணைகளுக்குத் தாவிவிடக் கூடாது என்று, 1980களின் தொடக்கத்தில், அமெரிக்கப் பணத்தில், ஹெய்ட்டியின் நாட்டுப் பன்றிகளை ஏறத்தாழ ஒன்று விடாமல் கொன்றார்கள். குப்பை மேட்டில் மேய்ந்து வளரும் கருப்புப் பன்றி அது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும், சாவுச் செலவுக்கும், விதை வாங்கவும் அதை விற்றுத்தான் பணம் புரட்டினார்கள். அதற்குப் பதிலாக அமெரிக்காவிலிருந்து வெள்ளைப் பன்றிகள் வந்தன. அவற்றுக்குச் சிமென்ட் தரை வேண்டும், கூரை வேண்டும், விலைக்கு வாங்கிய தீவனம் வேண்டும், சுத்தமான தண்ணீர் வேண்டும். வளர்த்தவர் குடிசையில் இதெல்லாம் கிடையாது. நாலு கால் இளவரசர்கள் என்று ஊரே கேலி செய்தது.

பூகம்பத்துக்குப் பிறகு வந்த இலவச அரிசியும் இதே பாதையில்தான் போனது. முதல் சில வாரங்கள் அது உயிர் காத்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் இடிபாடு இல்லாத பள்ளத்தாக்கில் அறுவடையான நெல் விலை போகாமல் கிடந்தது. அப்போதைய அதிபர் ரெனே ப்ரெவால் படிப்பால் வேளாண் நிபுணர். சாப்பாட்டையும் தண்ணீரையும் வெளியிலிருந்து அனுப்பிக்கொண்டே இருந்தால் உள்ளூர் விளைச்சலுக்கு அதுவே போட்டி ஆகிவிடும் என்று அமெரிக்காவிடமே சொன்னார். பிச்சை எடுத்தாலும் திமிர் போகவில்லை என்று அன்றைக்குச் சிலர் பேசினார்கள். நெல் தெரிந்தவர் பேசிய பேச்சு அது.

பணமாகக் கொடுத்து அக்கம்பக்கத்தில் வாங்கச் சொன்னால் என்ன? ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலும் அந்த வழிக்குப் போய்விட்டன. அமெரிக்கா லேசில் போகவில்லை, காரணம் 1954இல் போட்ட பி.எல். 480 சட்டத்திலேயே இருக்கிறது. உபரி தானியத்தை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்குப் பிறந்த சட்டம் அது. தானியம் அமெரிக்க விவசாயியிடம் வாங்க வேண்டும், குறிப்பிட்ட பங்கு அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில்தான் போக வேண்டும். ஆகவே விவசாயி, கப்பல் முதலாளி, தானியத்தை வாங்கி விநியோகிக்கும் தொண்டு நிறுவனம், மூன்று பேரும் ஒரே கட்சி. கால்பங்கையாவது உள்ளூரில் வாங்கலாம் என்று அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கேட்டும் காங்கிரஸ் மசியவில்லை. 2025 ஜூலை 1ஆம் தேதியோடு, அமெரிக்காவின் வெளிநாட்டு உதவியைக் கவனித்த யு.எஸ்.எய்ட் அமைப்பே மூடப்பட்டபோது, இந்த உதவியைக் குறை சொல்லி வந்தவர்களில் யாரும் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள். கோளாறான மருந்தைத் திருத்தச் சொன்னால் மருந்துக்கடையையே பூட்டிவிட்டார்கள்.

பி.எல். 480 என்ற பெயர் நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் புதிதல்ல. 1956இல் இந்தியா முதல் ஒப்பந்தம் போட்டது. 1965, 66 வறட்சியில் கப்பலை எதிர்பார்த்து அடுப்பு எரிந்தது. அதிபர் ஜான்சன் மொத்தமாகத் தராமல் மாதத்துக்கு மாதம் கயிற்றைப் பிடித்து விட்டார். வியட்நாம் போரை டெல்லி விமர்சித்ததில் அவருக்குக் கோபம். அந்த நேரத்தில் உணவு அமைச்சராக இருந்தவர் நம் சி. சுப்பிரமணியம். புதுக் கோதுமை விதையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் அதிகம் மதிப்பது வேறொரு காரியத்தை. விளைந்ததை யார் வாங்குவது என்பதற்கும் அவர் காலத்திலேயே ஏற்பாடு நடந்தது. 1965 பொங்கலை ஒட்டி இந்திய உணவுக் கழகம் தொடங்கியபோது அதன் தலைமையகம் சென்னை, முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூர். அறிவித்த விலைக்கு அரசு வாங்கும், அதையே ரேஷனில் போடும். நகரத்து வயிறும் கிராமத்து வயலும் ஒன்றுக்கொன்று எதிரியாகாமல் இருக்க இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை.

ஏற்பாடு அப்படியொன்றும் பளபளப்பானதல்ல. குறுவை அறுவடை நேரத்தில் டெல்டா பக்கம் போனால் தெரியும். கொள்முதல் நிலையத்தின் முன்னால் சாலையிலேயே நெல்லைக் கொட்டி, தார்ப்பாய் போட்டுக் காவல் இருப்பார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் திரும்பக் காயவைக்க வேண்டும், அதற்குள் மழை வந்துவிடும். மூட்டைக்கு இவ்வளவு என்று கைநீட்டுகிறார்கள் என்ற புகார் வருடா வருடம் வருகிறது. இருந்தும் நெல்லை எடுத்துக்கொண்டு போக ஓர் இடம் இருக்கிறது. ஆர்த்திபோனித் விவசாயிக்கு அது கிடையாது. இந்த ஏற்பாட்டைத்தான் மானிய வரம்பை மீறுகிறது என்று உலக வர்த்தக அமைப்பில் வளர்ந்த நாடுகள் குடைகின்றன. 2013 பாலி மாநாட்டில் இடைக்கால விலக்கு கிடைத்தது. நிரந்தரத் தீர்வு இன்னும் வரவில்லை.

இவ்வளவு எழுதிவிட்டு நம் பக்கத்தைப் பார்க்காமல் விட்டால் நியாயமில்லை. உலக அரிசி வர்த்தகத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் இப்போது இந்தியாவுடையது. நம் புழுங்கல் அரிசி பெனின் நாட்டின் கொட்டோனு துறைமுகத்தில் இறங்குகிறது, அங்கிருந்து திருட்டு வழியில் நைஜீரியாவுக்குள் போகிறது. அதைத் தடுக்க நைஜீரியா 2019 ஆகஸ்டில் தரை எல்லைகளையே மூடியது. செனகலுக்குப் போவது நொய். மீனோடு சேர்த்துச் சமைக்கும் அவர்களுடைய சோற்றுக்கு நொய்தான் பொருத்தம். நாம் கோழித் தீவனத்துக்குத் தள்ளும் சரக்கு அங்கே விருந்துச் சாப்பாடு. 2022 செப்டம்பரில், உள்ளூர் விலையைக் காரணம் சொல்லி, இந்தியா நொய் ஏற்றுமதியை நிறுத்தியது. செனகல் அரசு டெல்லிக்குக் கோரிக்கை வைத்து, தனி அனுமதி வாங்கித்தான் அரிசி எடுத்துப்போக வேண்டியிருந்தது. அதற்கும் பல வருடம் முன்பே, அதே செனகலில் நெல் சாகுபடியைப் பெருக்க இந்திய எக்ஸிம் வங்கி கடன் கொடுத்து, இங்கிருந்து நீர் இறைக்கும் பம்புகள் போயிருக்கின்றன. அந்தப் பம்புகளில் எத்தனை இப்போதும் ஓடுகின்றன என்று டெல்லியில் யாராவது கணக்கு வைத்திருந்தால், ஏற்றுமதி எத்தனை லட்சம் டன் என்ற அறிக்கைக்கு முன்னால் அதைத்தான் எடுத்துப் படிப்பேன்.