எடைமேடையின் டிரைவர்: போர்ட் கிள்ளான் கணினிப் பணியாளர் கோரிக்கைச் சாசனம்

போர்ட் கிள்ளானில் டிரைவர் என்றால் லாரி ஓட்டுகிறவர். நாங்கள் பேச வந்தது, அவர் லாரியை எடைமேடையில் ஏற்றி நிறுத்தியதும் மேடை காட்டும் எண்ணைக் கணினிக்குள் கொண்டுவரும் இன்னொரு டிரைவரைப் பற்றி. சின்ன மென்பொருள்தான், அது படுத்துக்கொண்டால் வாசலில் லாரி வரிசை நீளும். 2016 ஜூலை 1 முதல், எடை உறுதிசெய்யப்படாத கொள்கலனைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது சோலாஸ் என்ற பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின் விதி.

எங்களில் பலர் யூனிக்ஸ் முறையில் நிரல் எழுதிப் பழகியவர்கள். அங்கே கருவியும் ஒரு கோப்புதான்: திற, படி, எழுது, மூடு. அலுவலகக் கணினியிலோ விண்டோஸ். இரண்டுக்கும் இடையில், யூனிக்ஸ் முறை நிரலை விண்டோஸில் ஓடவைக்கும் சிக்வின், 1995இல் சிக்னஸ் நிறுவனத்தில் தொடங்கியது, எங்களுக்குக் கைகொடுக்கிறது. எடை எண் வரும் தொடர் போர்ட் வரை தொல்லை இல்லை. விண்டோஸின் காம்3, சிக்வினில் டிடிஒய்எஸ்2 ஆகும். விண்டோஸுக்குள் லினக்ஸ் நிரலை ஓட்டும் மைக்ரோசாஃப்டின் டபிள்யூஎஸ்எல் முதல் பதிப்பில் அதுவே டிடிஒய்எஸ்3. இந்த ஒற்றை எண் வித்தியாசத்தில் ஒரு பகலைத் தொலைத்தவர்கள் எங்களிடையே உண்டு.

அதைத் தாண்டிய கருவிகளில்தான் சிக்கல். சிக்வினுக்குச் சொந்தக் கெர்னல் கிடையாது. லினக்ஸ் டிரைவரை அதில் ஏற்ற முடியாது. தடுப்புக் கம்பத்தைத் தூக்கும் அட்டையோடு பேச வேண்டுமானால், நிரல் நேராக விண்டோஸின் டிவைஸ்ஐஓகன்ட்ரோலை அழைத்து, தயாரித்தவர் வகுத்த கட்டளைக் குறியீடுகளைக் கொடுக்க வேண்டும். அந்தக் குறியீடுகளைக் கேட்டபோது, “அது கம்பெனி ரகசியம்” என்றார் எங்களுக்கு விற்றவர். டபிள்யூஎஸ்எல் 2இல் உண்மையான லினக்ஸ் கெர்னல் உண்டு. ஆனால் அது மெய்நிகர் கணினிக்குள் ஓடுகிறது. யூஎஸ்பி கருவியை யூஎஸ்பி-ஐபி வழியாக உள்ளே அனுப்பலாம். கணினிக்குள் செருகிய அட்டைக்கு அந்த வழியும் இல்லை.

ஆகவே விற்பவர்களிடம் எங்கள் முதல் கோரிக்கை: கட்டளைக் குறியீடுகளையும் தரவு வரும் வடிவத்தையும் எழுதிய தாளை, விலைச் சீட்டோடு சேர்த்துக் கொடுங்கள். மூல நிரலைக் கேட்கவில்லை. புதிய யூஎஸ்பி கருவிகளை விண்டோஸின் பொது டிரைவரான வின்யூஎஸ்பியில் ஓடும்படி செய்தால் இன்னும் நல்லது; லிப்யூஎஸ்பி என்ற நிரல் நூலகம் வழியாக ஒரே நிரலை விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓட்டிக்கொள்வோம்.

இரும்பு மேடை இருபது ஆண்டு நிற்கும். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முழுக்க 64 பிட். பழைய 32 பிட் டிரைவர் அதில் ஏறாது. நாங்களே ஒன்று எழுதினாலும், முறையான டிஜிட்டல் கையொப்பம் இல்லாத டிரைவரை விண்டோஸ் ஏற்காது. ஆகவே மேடை உழைக்கும் காலம்வரை கையொப்பமிட்ட டிரைவர் வர வேண்டும். ஆதரவை நிறுத்துகிற அன்று, அப்போது மட்டும், மூல நிரலையும் ஒப்படைக்க வேண்டும்.

புதுப்பிப்பு என்ற பெயரில் கருவியைச் சாகடிக்காதீர்கள். 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ நிறுவனத்தின் டிரைவர், யூஎஸ்பியைத் தொடர் போர்ட்டாக்கும் கேபிள்களில் இருந்த போலிச் சிப்புகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கியது. கணினிக்கு அவற்றை அடையாளம் தெரியாமல் போனது. போலி செய்தவன் குற்றவாளிதான். தெரியாமல் வாங்கிய கடைக்காரரின் கேபிளைக் கொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

மலேசிய அரசிடம் கேட்பது: 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, பழுதுபார்ப்புக்கும் உதிரிப் பாகத்துக்கும் உத்தரவாதம் தருகிறது. அது வீட்டுப் பொருள்களை மனதில் வைத்து எழுதியது. தொழில் கருவிகளுக்கும் அதை விரியுங்கள்; டிரைவரை உதிரிப் பாகமாகக் கணக்கிடுங்கள். இந்தத் துறைமுகம் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பழைய பெயரை உதறிய 1972இல்தான் எடை, அளவுச் சட்டமும் வந்தது. தராசுக்கு முத்திரை இருக்கிறது. தராசிலிருந்து கணினிக்கு எண் போகும் பாதையையும் சோதனையில் சேருங்கள். 2004இல் அரசின் நிர்வாக நவீனமயமாக்கல் பிரிவான மாம்பு பொதுத்துறைக்குத் திறந்த மூலத் திட்டம் வகுத்தது. அதே மனதோடு, துறைமுகக் கருவிகளுக்கான டெண்டரிலும் நாங்கள் கேட்கும் கட்டளைக் குறியீட்டுத் தாளைக் கட்டாயமாக்குங்கள்.

எங்களுக்கும் ஒரு கட்டளை: கருவியோடு பேசும் பகுதியைத் தனிக் கோப்பாக எழுதி, அடுத்த சரக்குக் கொட்டகைப் பணியாளருக்குத் தமிழிலோ மலாயிலோ விளக்கக் குறிப்போடு கொடுப்போம்.

பதிலை எழுத்தில் தாருங்கள். வாய்ச்சொல் எங்களிடம் நிறையச் சேர்ந்துவிட்டது.