அணைக்கும்போது அவசரம் வேண்டாம்



சென்ற இதழில் ஊறுகாய் ஜாடியில் பூஞ்சணம் பிடிக்காமல் பார்த்துக்கொள்வதைப் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை கம்ப்யூட்டர். "இவளுக்கு எதற்கு இந்த வேலை?" என்று நினைக்காதீர்கள். நான் பத்தாவது வரை படித்தவள்தான். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு சனிக்கிழமை முழுக்க யாருக்கும் சோறு இறங்காமல் போனதற்கு இந்தக் கம்ப்யூட்டரை அணைத்த விதம்தான் காரணம். அதனால் எழுதியே ஆக வேண்டும்.

பள்ளிபாளையத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் தறிச் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு சின்னத் தறிப்பட்டறை. யார் எத்தனை பீஸ் ஓட்டினார்கள், தார் எவ்வளவு சுற்றினார்கள், முன்பணம் எவ்வளவு போச்சு என்பதையெல்லாம் முன்பு நோட்டில் எழுதுவோம். பையன் கல்லூரிக்குப் போன பிறகு, "இன்னுமா நோட்டு?" என்று கேலி செய்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டான்.

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். காவிரிக்கு அந்தப் பக்கம் ஈரோட்டின் மேல் கருகருவென்று மேகம். ஒரு இடி இடித்தது, கரண்ட் போச்சு. யு.பி.எஸ். 'கீ கீ' என்று கத்த ஆரம்பித்தது. வீட்டுக்காரர் அவசர அவசரமாக ஷட் டவுன் கொடுத்தார். திரையில் அந்த வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, நின்றபாடில்லை.

"ஏனுங்க, இன்னும் நிக்கலீங்களா?" என்று கேட்டேன்.

"இது எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, பொறுமையில்லாமல் பொத்தானை அழுத்திப் பிடித்தார். நான்கைந்து வினாடியில் பட்டென்று அணைந்தது. அதோடு அந்த வாரக் கூலிக் கணக்கும் போச்சு! மறுநாள் காலை அந்தக் கணக்கைத் திறந்தால் திறக்கவே இல்லை. சாயங்காலம் பதினொரு பேருக்குக் கூலி கொடுக்க வேண்டும்.

தார் சுற்றுகிற அக்கா மட்டும் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டு வைத்திருந்தார். மற்றவர்கள் ஞாபகத்திலிருந்து சொன்னார்கள். ஒரு பையன், "நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, கொடுத்ததை எண்ணிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். செவ்வாய்க்கிழமை துணி அனுப்பும்போது பீஸை எண்ணினால், அவனுக்கு ஒரு பீஸ் கூலி குறைவாகக் கொடுத்திருக்கிறோம்! கூப்பிட்டு மீதியைக் கொடுத்தபோது சிரித்தான். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

தீபாவளிக்கு விடுதியிலிருந்து வந்த என் மகள் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது அணையறதுக்கு லேட் பண்ணலை. நாம மூடாம விட்டதையெல்லாம் அதுவே ஒவ்வொண்ணா மூடிக்கிட்டிருக்கு" என்றாள். ராத்திரி படுக்கப் போகுமுன் நாம் என்ன செய்கிறோம்? காஸ் மூடினோமா, பாலுக்கு உறை ஊற்றினோமா, கொல்லைக் கதவு தாழ் போட்டோமா என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தானே விளக்கை அணைக்கிறோம்? கம்ப்யூட்டரும் அப்படித்தான். திறந்திருக்கும் ஒவ்வொரு வேலையிடமும் "முடித்துக்கொள்" என்று சொல்கிறது. அது முடிக்கும்வரை காத்திருக்கிறது. பிறகு மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு நிற்கிறது. பாதியில் பிடுங்கினால், ஓடுகிற தறியில் நாடா பாவுக்கு நடுவே மாட்டிக்கொண்டு இழை அறுவது மாதிரிதான்.

1995-ல் வந்த விண்டோஸ் காலத்துக் கம்ப்யூட்டர்களில், 'இனி அணைக்கலாம்' என்று திரையில் எழுத்து வந்த பிறகு நாமே கையால் ஸ்விட்சை அணைக்க வேண்டுமாம். இப்போது தானாகவே அணைகிறது. அதனால்தானோ என்னவோ, நமக்குக் காத்திருக்கத் தெரியவில்லை!

மகள் செய்துகாட்டி நான் எழுதிவைத்துக்கொண்ட குறிப்புகள் இவை. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

1. முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டர் அரை நிமிஷம், முக்கால் நிமிஷம் எடுத்துக்கொண்டால் பாதகமில்லை. தினமும் மூன்று, நான்கு நிமிஷம் ஆனால்தான் கவனிக்க வேண்டும். எங்களுடையது நான்கு நிமிஷம் எடுத்தது.

2. ஷட் டவுன் கொடுக்கும் முன் கணக்கு, படம், பாட்டு எல்லாவற்றையும் சேமித்து, நீங்களே ஒவ்வொன்றாக மூடிவிடுங்கள். 'இந்த வேலை இன்னும் மூடவில்லை' என்று திரையில் பெயரோடு காட்டினால், 'எப்படியும் அணை' என்பதை உடனே அழுத்தாதீர்கள். திரும்பிப் போய், சேமிக்காதது எது என்று பாருங்கள்.

3. நமக்குத் தெரியாமலே பின்னால் ஓடுகிறவை அநேகம் இருக்கும். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மானேஜர் வரும். அதில் 'ஸ்டார்ட்அப்' என்ற பகுதியில், கம்ப்யூட்டரோடு கூடவே எழுந்திருப்பவர்களின் பட்டியல் இருக்கும். எங்கள் வீட்டில் பதினான்கு! பையன் எப்போதோ விளையாட ஏற்றியவை எல்லாம் அதில்தான். வேண்டாததை 'டிஸேபிள்' செய்தால் போதும், அழிக்க வேண்டியதில்லை. வைரஸ் தடுப்பு மட்டும் இருக்கட்டும்.

4. பென் டிரைவ், வெளி டிஸ்க் ஆகியவற்றை முறைப்படி விடுவித்துக் கழற்றிவிட்டு அணையுங்கள். பழுதான ஒரு பென் டிரைவ்கூட அணைவதைத் தாமதப்படுத்தும்.

5. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி உண்டு. மறுநாள் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும் என்பதற்காக, அணையும்போதே தன் உள்விஷயங்களில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்ளும். பழைய சுழலும் டிஸ்க்காக இருந்தால் இந்த எழுத்து வேலைக்கு நேரம் பிடிக்கும். கண்ட்ரோல் பானல், பவர் ஆப்ஷன்ஸ் வழியே போனால், பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் இதை எடுத்துவிடலாம். ஆனால் காலையில் திறப்பது கொஞ்சம் தாமதமாகும். இரண்டும் வேண்டும் என்றால் நடக்காது. என்றைக்காவது ஒரு நாள் முழுதாக அணைய வேண்டுமானால், ஷிப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் போதும்.

6. 'அப்டேட் செய்து அணை' என்று காட்டுகிற நாளில் தாமதம் சகஜம். அன்றைக்குப் பொத்தானை அழுத்தவே கூடாது, விண்டோஸே கெட்டுப்போகலாம். மழை, இடி இல்லாத நாளில், மத்தியானச் சமையல் முடிந்த பிறகு அந்த வேலையை விட்டுவிடுங்கள். பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தப்போவதாக மின்வாரியம் அறிவிக்கிற நாள் என்றால், முதல் நாளே முடித்துவிடுங்கள்.

7. ரிப்பேர்க்காரர் யாராவது 'ரெஜிஸ்ட்ரியில் மாற்றி வேகமாக்கித் தருகிறேன்' என்றால் யோசியுங்கள். பின்னணி வேலைகள் முடிய எத்தனை வினாடி காத்திருக்க வேண்டும் என்று அதில் ஒரு கணக்கு உண்டு. எக்ஸ்பி காலத்தில் 20 வினாடியாக இருந்தது, விண்டோஸ் 10-ல் 5 வினாடிதான். அதையும் குறைத்தால், எழுதி முடிக்காததை அடித்து நிறுத்துவதாக ஆகும். நாங்கள் பொத்தானை அழுத்திச் செய்த தப்பைக் கம்ப்யூட்டரே தினமும் செய்ய நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி!

இத்தனையும் செய்த பிறகு, நான்கு நிமிஷம் ஒன்றரை நிமிஷமாகக் குறைந்தது. கடைசியில் சுழலும் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டோம். ஒரு ஜதை வெள்ளிக் கொலுசு விலைகூட ஆகவில்லை. இப்போது பதினைந்து வினாடிக்குள் அணைந்துவிடுகிறது. மாற்றும் முன், இருந்த கணக்குகளை எல்லாம் வேறொன்றில் நகல் எடுத்துக்கொண்டோம். நீங்களும் மறக்காதீர்கள்.

யு.பி.எஸ்.ஸைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். புதிதில் பத்து, பதினைந்து நிமிஷம் தாங்கிய எங்கள் யு.பி.எஸ்., அந்த வெள்ளிக்கிழமை எத்தனை நிமிஷம் தாங்கியிருக்கும் என்று பிறகு சோதித்துப் பார்த்தோம். மூன்றே நிமிஷம்! அணைய நான்கு நிமிஷம், பாட்டரி மூன்று நிமிஷம். அவர் பொத்தானை அழுத்தாமல் இருந்திருந்தாலும் அன்றைக்கு அது முடிந்திருக்காது. இது தெரிந்த பிறகுதான் அவர்மேல் இருந்த கோபம் எனக்குத் தணிந்தது. இந்தப் பாட்டரிகள் இரண்டு, மூன்று வருஷத்தில் தளர்ந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, திறந்த வேலை எதுவும் இல்லாதபோது மெயின் ஸ்விட்சை அணைத்து எத்தனை நிமிஷம் தாங்குகிறது என்று பாருங்கள். கத்த ஆரம்பித்தால் முழுதாகத் தீரும்வரை விடாமல், ஷட் டவுன் கொடுத்துவிடுங்கள்.

2012-ல் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு வாட்டியபோது, ஒரு நாளில் பாதிப் பொழுதுக்கு மேல்கூடத் தறி நின்றது. அப்போது எங்கள் கணக்கு நோட்டில் இருந்தது. கரண்ட் போனால் கூலி குறைந்ததே தவிர, கணக்குத் தொலையவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. தினமும் சாயங்காலம் பையன் கம்ப்யூட்டரில் ஏற்றுவான், நான் பழைய நீல அட்டை நோட்டில் எழுதுவேன். சனிக்கிழமை கூலி கொடுக்கும் முன், நோட்டை அவரவரிடமே காட்டிவிடுகிறோம். அந்தப் பையன்கூட இப்போது எண்ணிப் பார்த்துத்தான் வாங்குகிறான். எனக்கு அதில் ரொம்பத் திருப்தி.

அடுத்த இதழில் சந்திப்போம்.